ஒரே புரோகிராம், இரண்டு கணக்கு

ஒரு ஊரில் இரண்டு மகளிர் குழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு குழுவிடமும் கம்ப்யூட்டர் உண்டு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வயது. இரண்டிலும் 4 ஜி.பி. ராம். செய்கிற வேலையும் ஒன்றுதான்: சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு. அந்தக் கணக்கை எழுதும் புரோகிராமும் ஒன்றுதான். அதன் பெயர் லிப்ரே ஆபிஸ். காசு கொடுக்காமல் கிடைக்கிற புரோகிராம் அது.

ஒரே ஒரு வித்தியாசம். முதல் குழுவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கிறது. இரண்டாவது குழுவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது.

இரண்டாவது குழுவின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. பழுது பார்க்கும் தம்பி வருகிறார். இரண்டையும் திறந்து பார்க்கிறார். விண்டோஸில் லிப்ரே ஆபிஸுக்கு நேராக 120 எம்.பி. என்று இருக்கிறது. லினக்ஸில் அதே லிப்ரே ஆபிஸுக்கு நேராக 250 எம்.பி. என்று இருக்கிறது. போதாததற்கு, லினக்ஸில் காலி இடம் 150 எம்.பி.தான் என்றும் காட்டுகிறது. (இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொல்வது.)

“அக்கா, ராம் எல்லாம் தீர்ந்து போச்சு. இந்த லினக்ஸ் நிறைய சாப்பிடுது. புது மெஷின் வாங்கிடுங்க” என்கிறார் தம்பி.

“குழுப் பணத்தை எடுக்கணும்னா எல்லாரும் ஒத்துக்கணும் தம்பி. அந்த நம்பர் எதோட நம்பர்னு முதல்ல சொல்லுப்பா” என்கிறார் குழுச் செயலாளர்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரு எண்ணைப் பார்த்து பயப்படும் முன்னால், அது எதை எண்ணி வந்தது என்று தெரிய வேண்டும்.

பரணும் தரையும்

வீட்டில் பரண் இருக்கிறது. பண்டிகைப் பாத்திரம், பழைய துணி எல்லாம் அங்கே கிடக்கும். சமைக்க வேண்டுமானால் பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கித் தரையில் வைக்க வேண்டும். பரணில் வைத்தபடியே சமைக்க முடியாது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க் என்பது பரண். கணக்கு, படம், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். கரண்ட் போனாலும் அழியாது. ராம் என்பது தரை. வேலை நடக்கிற இடம். இதைத் தமிழில் நினைவகம் என்கிறோம். ஒரு புரோகிராமைத் திறந்தால் அது பரணிலிருந்து தரைக்கு இறங்குகிறது. கரண்ட் போனால் தரை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

இதை அளக்கும் அளவுதான் எம்.பி. டெல்லிக்குப் போகிற எம்.பி. இல்லை, மெகாபைட். சுமார் பத்து லட்சம் பைட் சேர்ந்தது ஒரு மெகாபைட். 1024 மெகாபைட் சேர்ந்தால் ஒரு ஜி.பி., அதாவது ஜிகாபைட். இன்று பரவலாக உள்ள முறையில் எழுதிச் சேமித்தால், ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘அ’ என்ற எழுத்துக்கு 3 பைட் வேண்டும். ‘மு’ என்ற எழுத்துக்கு 6 பைட். அப்படியும் ஒரு முழுப் புத்தகம் சில மெகாபைட்டில் அடங்கிவிடும். எழுத்து அதிக இடம் பிடிப்பதில்லை. படமும் வீடியோவும்தான் பிடிக்கும்.

தரையை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டரில் உள்ள மேக் ஓ.எஸ்., போனில் உள்ள ஆண்ட்ராய்டு எல்லாம் இயங்குதளங்கள். ஒவ்வொன்றும் தரையைப் பிரிக்கும் விதம் வேறு. கணக்கு எழுதும் விதமும் வேறு. சிக்கல் அங்கேதான் வருகிறது.

பொது ஆட்டுக்கல்

மூன்று வீடுகளுக்குப் பொதுவாக ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. அது 60 கிலோ. ஒவ்வொரு வீட்டிலும் சொந்தச் சாமான் 20 கிலோ. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு சாமான் என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்?

ஒருவர் ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு 20 என்று எழுதலாம். இன்னொருவர் “நானும்தானே அதில் அரைக்கிறேன்” என்று அதையும் சேர்த்து 80 என்று எழுதலாம். மூன்றாமவர் கல்லை மூன்று பங்காக்கி, தன் பங்கு 20-ஐச் சேர்த்து 40 என்று எழுதலாம். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 80-ஐயும் 20-ஐயும் பக்கத்தில் வைத்து, “அந்த வீட்டில் நாலு மடங்கு சாமான்” என்று சொன்னால் அது தப்பு.

புரோகிராம்களுக்கும் பொது ஆட்டுக்கல் உண்டு. எழுத்தைத் திரையில் வரைவது, ஜன்னலைத் திறப்பது, அச்சடிப்பது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராமுக்கும் தேவை. அதற்கான பகுதியைத் தரையில் ஒரு முறை இறக்கி வைத்தால் போதும். எல்லாரும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பட்டியல் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் வரும். அதில் மெமரி என்ற வரிசையில் பெரும்பாலும் சொந்தச் சாமான் மட்டும்தான் எழுதப்படுகிறது. ஆட்டுக்கல் கணக்கில் வராது. லினக்ஸில் டாப் என்று ஒரு கட்டளை உண்டு. அதில் ஆர்.இ.எஸ். என்ற வரிசையில் பொதுச் சாமானும் சேர்ந்து வரும். தம்பி பார்த்த 120-உம் 250-உம் இப்படி வந்தவைதான். ஒன்று கல் இல்லாத கணக்கு. மற்றொன்று கல்லோடு சேர்ந்த கணக்கு.

லினக்ஸில் பங்கு போட்டு எழுதும் கணக்கும் உண்டு. பி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு போனிலும் அந்த முறை இருக்கிறது. மூன்று வீட்டுப் பங்குக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள்: 40, 40, 40. மொத்தம் 120. தெருவில் உண்மையாக உள்ள சாமானும் 120 கிலோதான். கூட்டினால் சரியாக வருவது இந்த முறையில் மட்டும்தான். 80-ஐ மூன்று முறை கூட்டினால் 240 வரும். அவ்வளவு சாமான் அந்தத் தெருவிலேயே இல்லை.

டாப் கட்டளையில் விர்ட் என்று இன்னொரு வரிசையும் இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். 4 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே புரோகிராமுக்கு நேராக 5 ஜி.பி., 10 ஜி.பி. என்றுகூட இருக்கும். அது எப்படி? கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போது “ஐந்நூறு பேர் வருவார்கள்” என்று சொல்லி வைப்பதில்லையா? பந்தியில் உட்கார்ந்தவர்கள் நூற்றிருபது பேராக இருக்கலாம். விர்ட் என்பது சொல்லி வைத்த கணக்கு. சாப்பிட்ட கணக்கு அல்ல. அந்த வரிசையை நாம் பார்க்கவே வேண்டாம்.

காலி இல்லை என்றால் தீர்ந்துவிட்டதா?

தம்பியை அதிகம் பயமுறுத்தியது 150 எம்.பி. என்ற எண்தான். உண்மையில் அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

நேற்று ஒரு பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினீர்கள். வேலை முடிந்தது. தரையில் இடம் நிறைய இருக்கிறது. உடனே ஏறி அதைப் பரணில் போடுவீர்களா? “நாளைக்கும் வேண்டியிருக்கலாம், ஓரமாக இருக்கட்டும்” என்று விடுவீர்கள். விருந்தாளி வந்தால் ஒரு நொடியில் தள்ளிவைத்துப் பாய் விரிப்பீர்கள். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது. ஒரு முறை படித்த கோப்பை ராமிலேயே வைத்திருக்கும். அடுத்த முறை கேட்டால் சட்டென்று கொடுக்கும். வேறு புரோகிராமுக்கு இடம் வேண்டுமானால் அந்த நிமிடமே விட்டுக்கொடுக்கும்.

லினக்ஸில் ஃப்ரீ என்று ஒரு கட்டளை உண்டு. அதில் ஃப்ரீ என்ற வரிசையில் இருப்பது யாரும் தொடாத வெறும் தரை மட்டும். அவைலபிள் என்ற வரிசையில் இருப்பது, தேவைப்பட்டால் கிடைக்கக்கூடிய மொத்த இடம். பார்க்க வேண்டியது அவைலபிள் வரிசையைத்தான். ஃப்ரீ 150 எம்.பி. என்றும் அவைலபிள் 2000 எம்.பி. என்றும் இருந்தால் ராம் தாராளமாக இருக்கிறது என்று பொருள். விண்டோஸும் மேக்கும்கூடப் படித்த கோப்புகளை இப்படி வைத்துக்கொள்கின்றன. சும்மா கிடக்கும் ராமால் யாருக்கும் லாபம் இல்லை.

இடம் உண்மையாகவே குறையும்போது ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு வழி பார்க்கும். ஒரு வழி, துணியை அழுத்தி மூட்டை கட்டுவதுபோலச் சுருக்கி வைப்பது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் 2013-இல் இந்த முறை வந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலும் உண்டு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் உண்டு. மற்றொரு வழி, இப்போது வேண்டாததைப் பரணுக்கே திருப்பி ஏற்றுவது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். ஏறி இறங்க நேரம் ஆகும். கம்ப்யூட்டர் திணறுவதும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவதும் அப்போதுதான்.

ஆகவே கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அவைலபிள் மிகவும் குறைந்து, ஸ்வாப் ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் ராம் போதவில்லை. பல கம்ப்யூட்டர்களில் இன்னொரு ராம் அட்டை செருகலாம். அவைலபிள் நிறைய இருந்தும் மெதுவா? அப்படியானால் குற்றவாளி ராம் இல்லை. பழைய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இரண்டுமே புது கம்ப்யூட்டர் வாங்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

எடைமேடை முறை

சரி, எந்த இயங்குதளத்தில் லிப்ரே ஆபிஸுக்கு உண்மையாகவே அதிக இடம் வேண்டும்? அதை அறிய வழி இருக்கிறது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும். முதலில் கரும்போடு வண்டியை எடைமேடையில் ஏற்றுவார்கள். இறக்கிய பிறகு வெறும் வண்டியை ஏற்றுவார்கள். கழித்தால் கரும்பின் எடை.

இங்கேயும் அதே முறை. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடியும் போடுங்கள். எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அவைலபிள் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில், மெமரி என்ற இடத்தில், அவைலபிள் என்று இருக்கும். பிறகு லிப்ரே ஆபிஸைத் திறந்து, குழுவின் கணக்கைத் திறங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே கோப்பாக இருக்க வேண்டும். ஒன்றில் பத்து வரிக் கணக்கும் மற்றொன்றில் ஐந்து வருடக் கணக்கும் திறந்தால் ஒப்பிடவே முடியாது. கொஞ்சம் பொறுத்து அவைலபிளை மறுபடியும் எழுதுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள். ஏனென்றால் நமக்குத் தெரியாமல் பின்னால் வேறு வேலையும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி அளந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. புரோகிராமுக்கு வேண்டிய ஆட்டுக்கல்லை இயங்குதளம் முன்பே இறக்கி வைத்திருந்தால், புரோகிராம் எடை குறைந்ததாகத் தெரியும். வராமல் இருந்தால் கல்லையும் அதுவே சுமந்து வர வேண்டும். அதனால் வெறும் வண்டியின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் வண்டி என்பது இயங்குதளமே பிடிக்கும் இடம்.

வண்டி வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1995-இல் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 எம்.பி. ராம் போதும் என்றார்கள். 2001-இல் வந்த எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 1 ஜி.பி. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. கணக்குப் போட்டால் இருபத்தாறு வருடத்தில் 1024 மடங்கு. விலைவாசிகூட அப்படி ஏறவில்லை!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு நின்றது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு ராம் மட்டும் காரணம் அல்ல. டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லும், புதிய வகைப் பிராசசரும் வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் நிபந்தனை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன், லினக்ஸ் போட்டுப் பார்ப்பது நல்லது. லினக்ஸில் கனமான வகையும் உண்டு, லேசான வகையும் உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கு லேசானதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இது யாரும் செய்யாத புது முயற்சி அல்ல. கேரளாவில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. ஒரே வண்டியில் இரண்டையும் எடை போட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பல வீடுகளில் பாஸைத் திறந்து பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கையில் இருக்கும் போன்

கம்ப்யூட்டர் இல்லாதவர் கையிலும் இன்று போன் இருக்கிறது. போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதிலும் இதே கதைதான்.

2017-இல் ஜியோபோன் வந்தது. பொத்தான் வைத்த சின்ன போன். ராம் 512 எம்.பி.தான். அதன் இயங்குதளம் காய் ஓ.எஸ். அடுத்த வருடம், 2018-இல், அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. 2 ஜி.பி. உள்ள ஆண்ட்ராய்டு போனே திணறுகிறபோது, அதில் கால் பங்கு ராமில் வாட்ஸ்அப் எப்படி ஓடியது? பெயர் ஒன்றுதான். உள்ளே அது வேறு புரோகிராம். சின்ன போனுக்காகத் தனியாக எழுதியது. பெரிய போனில் உள்ள எல்லா வசதியும் அதில் இல்லை. திரையும் சின்னது. அகலத்தில் 240 புள்ளி, உயரத்தில் 320 புள்ளி. பெருக்கினால் 76,800 புள்ளி. புள்ளிக்கு 4 பைட் என்றால் திரையை ஒரு முறை நிரப்ப சுமார் 3 லட்சம் பைட் போதும். 720-க்கு 1600 புள்ளி உள்ள ஆண்ட்ராய்டு திரைக்கு 46 லட்சம் பைட் வேண்டும். பதினைந்து மடங்கு. 2024-இல் காய் ஓ.எஸ். போனில் வாட்ஸ்அப்பைப் புதிதாக ஏற்ற முடியாமல் போனது. ஆக, ராம் போதும் என்பதற்காக ஒரு புரோகிராம் கடைசிவரை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

குறைந்த ராம் போனுக்காக ஆண்ட்ராய்டிலேயே கோ என்று ஒரு லேசான வகை 2017-இல் அறிவிக்கப்பட்டது. அப்போது 1 ஜி.பி.க்கும் குறைவான போனுக்கும் அது பொருந்தியது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-க்கு, அந்தக் கோ வகைக்கே குறைந்தது 2 ஜி.பி. வேண்டும் என்றாகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் திணறும். போனில் பெரும்பாலும் நடப்பது வேறு. பின்னால் இருக்கும் புரோகிராமைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடும். நாம் திரும்பப் போனால் அது முதலிலிருந்து திறக்கும்.

இதனால் ஏழைகளுக்கு ஒரு தொல்லை வருகிறது. முதியோர் உதவித்தொகைக்கோ, ரேஷன் அட்டைத் திருத்தத்துக்கோ போனில் விண்ணப்பம் நிரப்புகிறோம். பெயர், முகவரி, எல்லாம் அடித்தாயிற்று. ஓ.டி.பி. எண் வருகிறது. அதைப் பார்க்க மெசேஜைத் திறக்கிறோம். திரும்பி வந்தால் விண்ணப்பம் வெறும் தாளாக நிற்கிறது. அடித்தது எல்லாம் போயிற்று. நிரப்பியவர் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறார். “எனக்கு இதெல்லாம் வராது” என்று போனை வைத்துவிடுகிறார். தப்பு பெரும்பாலும் அவர் மேல் இல்லை. ஓ.டி.பி. பார்க்கப் போன நேரத்தில், இடம் போதாமல் போன் அந்தப் பக்கத்தை மூடியிருக்கும்.

இதற்குச் சில வழிகள் உண்டு. விண்ணப்பம் திறக்கும் முன்னால் வீடியோ, விளையாட்டு, மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள். வேண்டிய படங்களையும் எண்களையும் முன்பே எடுத்து, எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வரும்போது மெசேஜைத் திறக்காதீர்கள். திரையின் மேல் ஓரத்தில் அது தானாகவே எட்டிப் பார்க்கும். அங்கேயே படித்து, இந்தப் பக்கத்தை விட்டு அகலாமல் அடியுங்கள். நேரம் போதாமல் நழுவிவிட்டால் மேல் ஓரத்தை விரலால் கீழே இழுத்தால் மறுபடியும் தெரியும். இன்னொரு போன் வீட்டில் இருந்தால், ஓ.டி.பி. வரும் சிம்மை அதில் போட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அந்த எண்ணை போனில் கேட்கிற யாருக்கும் சொல்லக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

விண்ணப்பத்தில் ‘சேமி’ என்ற பொத்தான் இருந்தால், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அதை அழுத்துங்கள். பல அரசு விண்ணப்பங்களில் அந்தப் பொத்தான் ‘சேவ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் அடித்தது அந்த நிமிடமே உங்கள் போனின் தரையை விட்டுப் போய், அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு போன் பக்கத்தை மூடினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.